கந்தக பூமி – 7: கல்கத்தா டிக்கெட்டைக் கிழிக்கலாமா?

கால இயந்திரம் ஒன்று கிடைத்து, 1922ல் போய் இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். சிவகாசி அய்ய நாடாரும் அவர் உறவினர் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க கல்கத்தாவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். தீப்பெட்டியின் தொடர்ச்சியாகப் பட்டாசும் வளர்ந்த அதே சிவகாசிப் பக்கம், 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் செத்தது உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. டிக்கெட்டைக் கிழித்துப் போடுவீர்களா?

கிழித்தாலும் தீப்பெட்டி நிற்காது. 1923லேயே ஸ்வீடன்காரர்களின் தீப்பெட்டிக் கம்பெனி விம்கோ பம்பாய்ப் பக்கம் இயந்திரத்தோடு வந்துவிட்டது. வானம் பார்த்த இந்தக் கரிசலுக்கு வேலை வராமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

நமக்கு முன்பே இந்தத் தொழிலின் தலையெழுத்தைத் திருத்தியவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி செய்தவர்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. 1888ல் லண்டன் பிரயண்ட் அண்ட் மே ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1906ல் பெர்ன் ஒப்பந்தம், 1913ல் இந்தியாவிலும் தடைச் சட்டம். சிவகாசியில் முதல் குச்சி உரசப்பட்டபோது அந்த விஷத்துக்கு ஏற்கெனவே தடை.

என்னைக் கேட்டால், 1922ஐ விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி இறங்குவேன். எட்டு மாதம் கற்றுத் திரும்பியவர்கள் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்தார்கள். அது சரிப்பட்டு வராமல் கைவேலைக்கு மாறினார்கள். ஊரின் போக்கு திரும்பிய இடம் அதுதான். கட்டையில் வரிவரியாகக் குச்சி அடுக்க விரல் போதும். சின்ன விரல் என்றால் வேகம் அதிகம், கூலி குறைவு. பிற்பாடு விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிப்போனது. 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தும் அடங்கவில்லை, 1996ல் எம்.சி. மேத்தா வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

அப்படியானால் ஜெர்மன் இயந்திரத்தை எப்படியாவது ஓடவைத்துவிடலாமா? எனக்கு மனசு வராது. பெட்டி ஒட்டியும் குச்சி அடுக்கியும் அடுப்பெரித்த வீடுகள் எத்தனை! பிள்ளைகளை மட்டும் பள்ளிக்கூடத்துப் பக்கம் திருப்பிவிட முடிந்தால் போதும். அதற்கும் அந்த வீட்டில் அம்மாவுக்கு நியாயமான கூலி வேண்டுமே.

முதலிப்பட்டிக்கோ அவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டிய அவசியமே இல்லை. ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்பது எழுதிவைத்த விதி. லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்ட பிறகும் ஓடிய ஆலை அது என்று அப்போது பேப்பர்களில் வந்தது. ஒருநாள் முன்னால் போய்க் கதவைப் பூட்டியிருந்தால் போதும்.

(தொடரும்)