தொட்டிலும் பெரட்டும்

மலையகப் பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளிலே அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்றுண்டு: “தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளில் அக்கறையில்லை.” வகுப்பிலே உறங்கிவிழும் சிறுவனைக் கண்டபோதும், பெற்றோர் கூட்டத்துக்குத் தாய் வராதுவிட்டபோதும் நாமும் இதனைச் சொல்லியிருக்கிறோம். சொல்வது எளிது, சொன்னவுடன் நமது பொறுப்புத் தீர்ந்துவிட்டதாக ஓர் ஆறுதலும் பிறக்கிறது. ஆனால் அக்கறை என்பது உள்ளத்தில் மட்டும் உறையும் பொருளன்று. அதற்கு நேரம் வேண்டும், இடம் வேண்டும், கூலி வேண்டும். இம்மூன்றும் தோட்டத்துப் பெற்றோருக்கு எவ்வாறு அளந்து கொடுக்கப்பட்டன என்பதை ஆராயாது அவர்களது அக்கறையை அளக்க முற்படுவது நியாயமாகாது.

தமிழ் பயின்ற நமக்குக் குழந்தைப் பருவம் என்றதும் பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வரும். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை என்று குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக அவ்விலக்கியம் வகுத்துப் பாடுகின்றது. ஐந்தாம் மாதத்தை ஒட்டிக் குழந்தை தலைநிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தை ஒட்டிக் கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டை அண்டித் தளர்நடை பயில்வது வாரானை. தெய்வத்தையும் அரசனையும் பாட எழுந்த இலக்கியமாயினும், நாள்தோறும் குழந்தையை அருகிருந்து பார்த்த கண்களே அப்பருவங்களை வகுத்தன என்பதில் ஐயமில்லை. அருகிருந்து பார்ப்பதற்கு ஓய்வு வேண்டும். அந்த ஓய்வு யாருக்கு வாய்த்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரிற் பெரும்பாலோர் ஆடவர். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து, காய் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். அவர்களுடைய குழந்தைகள் கடலுக்கு அப்பாலிருந்த கிராமங்களில் வளர்ந்தன. அக்குழந்தைகளை வளர்க்கும் செலவு தோட்ட உரிமையாளரின் கணக்கேட்டில் ஏறவேயில்லை.

தேயிலை இந்த ஒழுங்கை மாற்றிற்று. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். 1869ஆம் ஆண்டில் இலங்கையில் இனங்காணப்பட்ட இலைநோய் அடுத்துவந்த ஆண்டுகளிற் கோப்பியை அழித்தது. கோப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக் கொழுந்துக்கு இல்லை. வாரத்துக்கு ஒருமுறையளவில், ஆண்டு முழுவதும், அதனைக் கொய்தல் வேண்டும். வந்துபோகும் ஆடவரைக் கொண்டு இதனைச் செய்ய இயலாது. எனவே குடும்பங்கள் வருவிக்கப்பட்டன, பெண்கள் கொழுந்தெடுப்போராயினர், லயங்கள் எழுந்தன. சுருங்கக் கூறின், கோப்பி ஆளைக் கேட்டது. தேயிலை குடும்பத்தைக் கேட்டது. குடும்பத்தைக் கேட்டவர்கள் குடும்ப வாழ்வுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தார்களா?

தோட்டத்து நாள் விடியுமுன்னரே தப்பொலியுடன் தொடங்கிற்று. பெரட்டுக் களத்திலே பெயர் கொடுத்தாலன்றி அன்றைய கூலி இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயக் காம்பராவிலே அடுப்பும் படுக்கையும் சேலைத் தொட்டிலும் ஒன்றாகவே இருந்தன. அந்தத் தொட்டிலிலிருந்து உறங்கும் குழந்தையைத் தூக்கி, கம்பளியிற் சுற்றி, பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலையேறினாள் தாய். கொழுந்தெடுக்க இயலாத முதிய பெண்ணொருத்தி அங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் ஆயாவாக இருந்தாள். கொழுந்து நிறுத்து முடித்து, மாலையிலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயம் திரும்பியபின் விறகும் தண்ணீரும் சமையலும் காத்திருந்தன. குழந்தை முதன்முதலிற் கைகொட்டியதையும், முதலடி எடுத்துவைத்ததையும் பெற்ற தாயினும் முன்னதாக அந்த ஆயாவே கண்டிருப்பாள்.

பிள்ளைக் காம்பரா பயனற்றது என்று நாம் கூறவரவில்லை. குழந்தையை முதுகிற் கட்டிக்கொண்டு பனியிலும் மழையிலும் மலையேறுவதினும் அது எவ்வளவோ மேல். ஆயின் அதன் இரட்டைத் தன்மையை நாம் மறத்தலாகாது. குழந்தையைக் காத்தது ஒரு பக்கம். தாயின் இரு கைகளையும் கொழுந்துக்காக விடுவித்தது மறுபக்கம். இந்த இரண்டாம் பயன் இல்லாதிருந்தால் முதலாவது கிடைத்திருக்குமா என்று கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு.

சட்டங்கள் என்ன கூறின? 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்திலே பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் வழங்கவேண்டுமென விதித்தது. பிள்ளைத்தமிழின் முதற் பருவமாகிய காப்பைக்கூட எட்டாத ஒரு மாதம்! 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பத்து வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்தது. அதன்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். ஒரு குடும்பம் மூன்று விலைகளாகப் பிரிந்து நிற்பதை இங்கே காண்கிறோம். தாய் தந்தையரின் கூலி போதாத வீட்டிலே, பத்து வயதைக் கடந்த பிள்ளையின் 32 சதத்துக்குப் பாடசாலை ஈடுகொடுக்க முடியுமா? அப்பிள்ளையை மலைக்கு அனுப்பியது அக்கறையின்மையா, அடுப்பா?

1939ஆம் ஆண்டின் பேறுகால நலன்கள் கட்டளைச் சட்டம் தாய்மாருக்குரிய கொடுப்பனவைச் சட்டபூர்வமான உரிமையாக்கியது. பின்வந்த திருத்தங்களால் விடுமுறை பன்னிரண்டு வாரங்களாயிற்று. பாலூட்டுவதற்கு வேலைநேரத்தில் இடைவேளையும் கிடைத்தது. இவை பெரும் பேறுகளே. எனினும், அப்பன்னிரண்டு வாரங்களில் இரண்டு பிரசவத்துக்கு முற்பட்டவை. எஞ்சிய பத்து வாரங்கள் முடியும்போது குழந்தை செங்கீரை ஆடத் தொடங்கியிராது. மூன்றாவது பிள்ளை முதலாக அவ்விடுமுறையும் பாதியாயிற்று. மூன்றாம் பிள்ளைக்குத் தாய்ப்பால் பாதி போதும் என்பது போன்ற இந்த விதி 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே நீங்கிற்று. எந்த உரிமையும் தானாக வந்ததன்று. கூலி உயர்வு கேட்டு 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் பலியான கோவிந்தனின் பெயரை இவ்விடத்தில் நாம் நினைத்தல் தகும். கூலிக்கான போராட்டம் எப்போதும் குழந்தையின் பாலுக்கான போராட்டமுமாகும்.

1945ஆம் ஆண்டிலே கன்னங்கரா இலவசக் கல்வியை நாட்டுக்கு அளித்தார். அதன் முழுப் பயன் தோட்டத்துப் பிள்ளையை எட்டவில்லை; 1970களிலேதான் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிற்று. இதற்கிடையில் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பெற்றோரின் தோளில் மற்றுமொரு சுமையை ஏற்றியது. தந்தை இங்கே பிறந்தவரென்பதற்குச் சான்று வேண்டும். அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களென்பதற்குச் சான்று வேண்டும். லயத்துக் காம்பராவிலே பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே? 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. தொட்டிலிற் கிடந்த குழந்தையும் அந்த எண்ணிக்கையில் அடங்கிற்று. தான் பிறந்த மண்ணிலே தன் பிள்ளை வளருமா என்று தெரியாத நிலையில் ஒருவன் பிள்ளைக்கு எந்த எதிர்காலத்தைத் திட்டமிடுவான்?

1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். கிராமத்தவனுக்கு வீட்டைச் சுற்றி மரவள்ளியோ ஈரப்பலாவோ இருந்தது. லயத்தவனுக்கு அத்தகைய நிலம் இல்லை. அரிசியும் மாவும் குறைந்தபோது அவன் வீட்டில் உண்மையாகவே ஒன்றுமில்லை. தோட்டங்களில் மரணம் பெருகிற்று. அந்தத் தாய்மாருக்கும் அக்கறை இல்லாமற்போயிற்று என்று யாரேனும் சொல்லத் துணிவார்களா?

குற்றத்தைத் துரைமாரின் மீதும் அரசின் மீதும் மட்டும் சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்ளல் முறையன்று. பல தோட்டங்களில் ஆணுக்குரிய வேலை நண்பகலை ஒட்டி முடிந்துவிடும். பெண்ணோ மாலை வரை மலையில் நிற்பாள். எனினும் வீட்டிலே குழந்தையும் அடுப்பும் அவளுக்கே உரியனவாயின. அவளது சம்பளத்தைக் கணவன் கையேற்கும் வழக்கமும் நெடுங்காலம் நிலவிற்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி 1984ஆம் ஆண்டிலேதான் வந்தது. தொழிற்சங்கங்களிலே உறுப்பினர் பெண்களாகவும் தலைவர் ஆண்களாகவும் இருந்த நிலை இத்தாமதத்துக்குக் காரணமன்று என்று கூற முடியுமா? தொட்டிலை ஆட்டுதல் தந்தைக்கும் உரிய கடமை என்பதை முற்போக்காளராகிய நாமும் மேடையிற் பேசிய அளவுக்கு வீட்டிற் கைக்கொள்ளவில்லை.

இன்று பிள்ளைக் காம்பராவுக்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். நிலைமையும் பலவிடங்களில் முன்னேறியிருக்கிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பிரஜாவுரிமைப் பிரச்சினையும் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரம் குறையவில்லை. முன்னர் அது மலைக்கும் லயத்துக்கும் இடைப்பட்ட தூரம். இப்போது பலருக்கு அது கொழும்புக்கும் மலையகத்துக்கும், குவைத்துக்கும் மலையகத்துக்கும் இடைப்பட்ட தூரம். 2013ஆம் ஆண்டிலே அரசு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாட்டு வீட்டு வேலைக்குச் செல்வதைத் தடுத்தது. 2022இல் அந்த விதியைத் தளர்த்தியது. தடுத்தபோது பிள்ளையின் நலன் பேசப்பட்டது. தளர்த்தியபோது நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. தாய் பிள்ளையுடன் இருந்து வாழ்வதற்குப் போதிய கூலி என்ற மூன்றாவது வழியோ திறக்கப்படவில்லை.

எனவே, ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, அந்தப் பழைய வாக்கியத்தை நமது அறைகளிலிருந்து அகற்றுவோம். வகுப்பில் உறங்கும் பிள்ளையிடம், “நேற்றிரவு யார் உனக்குச் சோறு போட்டது?” என்று முதலிற் கேட்போம். பெற்றோர் கூட்டத்தை வேலைநாளின் காலையிலே வைத்துவிட்டுத் தாய் வரவில்லை என்று குறைகூறுவதை நிறுத்தி, அவள் ஒரு நாட்கூலியை இழக்காமல் வரக்கூடிய வேளையைத் தேர்வோம். இவை சிறு செயல்கள். பெருஞ்செயல் சட்டத்திலும் கூலியிலும் நிலவுரிமையிலும் நிகழவேண்டியது. அதற்காகத் தொழிலாளர் எழுப்பும் குரலோடு நமது குரலும் சேர்தல் வேண்டும். தன் பிள்ளை செங்கீரை ஆடுவதைத் தன் கண்ணாற் காணும் உரிமை, கொழுந்துக் கூடை சுமக்கும் தாய்க்கும் உண்டு.