கர்ப்பகால இடுப்பு வளைய வலி

கர்ப்பகால இடுப்பு வளைய வலி என்பது கருவுற்ற பெண்களுக்கு இடுப்பெலும்பு வளையத்தின் மூட்டுகளில் தோன்றும் வலியாகும். இது கீழ்முதுகின் இருபுறமும், புட்டத்திலும், அடிவயிற்றின் கீழே உள்ள முன்மூட்டிலும் உணரப்படும், தொடைக்கும் பரவலாம். 2008 ஆம் ஆண்டு வெளியான ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதலின்படி கருவுற்ற பெண்களுள் ஏறத்தாழ 20 விழுக்காட்டினருக்கு இவ்வலி உண்டாகிறது. இது வயிற்றிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை. இவ்வலி உள்ளவர்களுள் பெரும்பாலோர் இயல்பான முறையில் குழந்தை பெற இயலும். எனினும் பேற்றின்போது எந்நிலையில் இருப்பது, கால்களை எவ்வளவு விரிப்பது என்பவற்றை முன்னரே தீர்மானித்துக்கொள்வது தேவையாகும். வாலாஜாபாத், ஒரகடம், திருப்பெரும்புதூர் போன்று தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் பணிபுரியும் பகுதிகளில் இது தொழில்நலம் சார்ந்த பொருளாகவும் அமைகிறது.

பெயரும் குழப்பமும்

தமிழ் வழக்கில் "இடுப்பு வலி" என்னும் சொல் பேற்று வலியையும் குறிக்கும். "இடுப்பு வலி எடுத்துவிட்டது" என்றால் பிரசவம் தொடங்கிவிட்டது என்றே பொருள். பேற்றுக்கு முன் வந்து அடங்கும் பொய்வலி "சூட்டு வலி" எனப்படுகிறது. இவ்விரண்டிலும் சேராத இடுப்பு வளைய வலிக்கு மக்கள் வழக்கில் தனிப்பெயர் இல்லை. இதனால் ஆறாம் மாதத்தில் ஒரு பெண் இடுப்பு வலிப்பதாகக் கூறினால், அது பேற்று வலியோ என்ற அச்சம் எழுகிறது. இல்லையேல் கர்ப்பத்தில் இது இயல்புதானே என்று தள்ளிவிடப்படுகிறது.

பேற்று வலி கருப்பையின் சுருக்கத்தால் எழுவது. அது விட்டுவிட்டு வரும், வரவரக் கூடும், அப்போது வயிறு இறுகும். இடுப்பு வளைய வலி அசைவைப் பொறுத்தது. புரளும்போதும் நடக்கும்போதும் மிகும். ஓய்வில் பெரும்பாலும் தணியும்.

உடற்கூறும் காரணங்களும்

இடுப்பு வளையம் பின்புறத்தில் திருவெலும்பும் இரு பக்கங்களில் இடுப்பெலும்புகளும் சேர்ந்து அமைந்தது. பின்னால் இரண்டு மூட்டுகளும், முன்னால் பூப்பெலும்பு இணைவும் இவற்றைப் பிணைக்கின்றன. முன்னிணைவின் இடைவெளி சாதாரணமாக 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும். கர்ப்பத்தில் இது மேலும் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை விரிவது இயல்பு. 10 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்தால் அது மூட்டுப் பிளவு எனக் கருதப்படுகிறது, இது அரிதானது.

ரிலாக்சின் முதலிய இயக்குநீர்கள் தசைநார்களைத் தளர்த்துகின்றன. ஆயினும் ரிலாக்சினின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் உள்ள தொடர்பு ஆய்வுகளில் ஒரே சீராக நிறுவப்படவில்லை. மூட்டுகள் சமமின்றி அசைவதும், வளரும் வயிற்றால் உடலின் ஈர்ப்பு மையம் மாறுவதும், தசைகளின் தாங்குதிறன் குறைவதும் சேர்ந்தே வலியை உண்டாக்குவதாகக் கருதப்படுகிறது. முன்பு கீழ்முதுகு வலி இருந்தவர்களுக்கும், இடுப்பில் அடிபட்டவர்களுக்கும், முந்தைய கர்ப்பத்தில் இவ்வலி கண்டவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு கூடுதல். உடலுழைப்பு மிகுந்த வேலையும் ஒரு காரணியாகலாம்.

அறிகுறிகளும் கண்டறிதலும்

* படுக்கையில் புரளும்போது வலித்தல்
* மாடிப்படி ஏறுதல், ஒற்றைக் காலில் நின்று உடை அணிதல் ஆகியவற்றில் வலித்தல்
* பேருந்திலோ காரிலோ ஏறி இறங்கும்போது வலித்தல்
* நெடுநேரம் நின்றபின் வலி மிகுதல்
* மூட்டில் சொடுக்கு ஒலி, அன்னநடை போன்ற சாய்ந்த நடை

நோயறிதல் பெரும்பாலும் கைச்சோதனையால் செய்யப்படுகிறது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை உயர்த்தச் சொல்லுதல், தொடையின் வழியே பின்மூட்டை மெல்ல அழுத்துதல், முன்னிணைவைத் தொட்டுப் பார்த்தல் ஆகியவை அச்சோதனைகளாகும். காய்ச்சல், குருதிப்போக்கு, நீர்க்கசிவு, குழந்தையின் அசைவு குறைதல், சிறுநீர் கழிக்க இயலாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், 37 வாரங்களுக்கு முன் சீரான வயிற்றிறுக்கம் ஆகியவை இவ்வலியின் அறிகுறிகள் அல்ல. இவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வலியைக் குறைத்தல்

வலியின் தன்மையை விளக்கிக் கூறுவதும், இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் உடற்பயிற்சியும் முதன்மையான வழிகள். இடுப்புப் பட்டையைச் சிறிது நேரம் அணியலாம். படுக்கையில் புரளும்போது முழங்கால்களைச் சேர்த்து வைத்துப் புரள வேண்டும். பக்கவாட்டில் உறங்கும்போது கால்களுக்கிடையே தலையணை வைப்பது நல்லது. வண்டியில் முதலில் அமர்ந்து, பிறகு இரு கால்களையும் ஒன்றாக உள்ளே திருப்ப வேண்டும். குந்தி உட்காருதல், சம்மணமிடுதல், இருசக்கர வண்டியில் ஒருபுறமாக அமர்தல் ஆகியவை வலியைக் கூட்டுமாயின் தவிர்க்கப்பட வேண்டும்.

பாராசிட்டமால் மருத்துவரின் அறிவுரைப்படி பயன்படுத்தப்படுகிறது. இபுபுரோபன், டைக்லோபினாக் போன்ற மாத்திரைகளை, குறிப்பாக 20 ஆம் வாரத்திற்குப் பின், மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளக் கூடாது.

பேற்றின்போது

பேற்றுக்கு முன்பே வலியற்ற இடைவெளி அளந்து குறிக்கப்படுகிறது. முழங்கால்களை மடக்கிய நிலையில் கால்களை மெல்ல விரித்து, வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தி, இரு முழங்கால்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை நாடாவால் அளக்க வேண்டும். பேறு முழுவதும் இயன்றவரை இவ்வளவுக்குள் கால்களை வைத்திருப்பதே நோக்கம்.

ஒருக்களித்துப் படுத்தல், மண்டியிட்டு முன்சாய்தல், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நிற்றல் ஆகியவை ஏற்ற நிலைகள். உட்பரிசோதனையையும் ஒருக்களித்த நிலையில் செய்ய இயலும். மல்லாந்த நிலையில் கால்களைத் தாங்கிகளில் தூக்கிக் கட்டுவது மூட்டுகளுக்கு மிகுந்த பளுவைத் தரும். தையலுக்கோ கருவி கொண்டு குழந்தையை எடுப்பதற்கோ அது தேவைப்பட்டால், இரு கால்களையும் ஒரே நேரத்தில் உயர்த்தி, குறைந்த நேரமே வைத்து, ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். முக்கும்போது பாதங்களை உதவுபவரின் இடுப்பில் ஊன்றி அழுத்துவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

எபிடூரல் எனப்படும் வலிநீக்கும் முறையைப் பயன்படுத்தலாம். ஆனால் வலி தெரியாமற் போவதால் கால்கள் அளவு மீறி விரிக்கப்படலாம். அப்போது முன்னர் அளந்து எழுதிய குறிப்பே காப்பாகிறது.

அறுவை முறை தேவையா

இடுப்பு வளைய வலி மட்டுமே அறுவை மூலம் குழந்தை பெறுவதற்கான காரணம் ஆகாது. 2013 ஆம் ஆண்டு வெளியான நார்வே நாட்டின் பெரிய ஆய்வொன்றில், திட்டமிட்ட அறுவையில் குழந்தை பெற்றவர்களிடம் பேற்றுக்கு ஆறு மாதம் கழித்தும் வலி நீடிப்பது, இயல்பாகப் பெற்றவர்களைவிட மிகுதியாகக் காணப்பட்டது. தேசிய குடும்பநல ஆய்வின்படி 2019–21 இல் தமிழ்நாட்டின் பேறுகளில் 44.9 விழுக்காடு அறுவை முறையில் நிகழ்ந்தன. இந்திய அளவு 21.5 விழுக்காடு. எனவே தமிழ்நாட்டில் இச்செய்தி தனிக் கவனத்திற்குரியது. நடக்கவே இயலாத கடும் வலி, மூட்டுப் பிளவு அல்லது வேறு மகப்பேற்றுக் காரணங்கள் இருப்பின் மருத்துவர் தனித்தனியே முடிவெடுப்பார்.

வாலாஜாபாத் – ஒரகடம் பகுதியில்

வாலாஜாபாத் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் உள்ள பேரூர். வண்டலூர் – வாலாஜாபாத் சாலை ஒரகடம் தொழிற்பகுதியின் வழியே செல்கிறது. மின்னணுப் பொருள்கள், வாகன உதிரிப்பாகங்கள் முதலியவற்றை உருவாக்கும் இப்பகுதி ஆலைகளில் பிற மாவட்டங்களிலிருந்து வந்த பெண்களும் பணிபுரிகின்றனர். 2024 ஆகத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க குடியிருப்பு திறக்கப்பட்டது. நின்றுகொண்டே செய்யும் முறைப்பணியும் பேருந்துப் பயணமும் இவ்வலி உள்ளவர்களுக்குக் கடினமானவை.

தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கத்தால், கர்ப்பகாலத்தில் பார்த்த மருத்துவர் ஒருவராகவும் பேறு பார்ப்பவர் வேறொருவராகவும் அமைவது உண்டு. ஆகவே வலியற்ற இடைவெளியின் அளவையும் ஏற்ற நிலைகளையும் தாய் சேய் நல அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்வது பயன்தரும். பேற்றின்போது உடனிருக்கும் பெண் துணையும் இக்குறிப்பை அறிந்திருத்தல் வேண்டும். பேற்றின்போது துணை இருப்பதையும், பெண் தனக்கேற்ற நிலையைத் தேர்வதையும் உலக நலவாழ்வு அமைப்பு 2018 இல் பரிந்துரைத்தது.

சட்டப் பாதுகாப்பு

1961 ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், கருவுற்ற பெண் கேட்டுக்கொண்டால், பேற்று நாளுக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கும் முன்னுள்ள ஒரு மாதத்தில் கடும் உழைப்பையோ நெடுநேரம் நிற்கும் வேலையையோ அவருக்குத் தரலாகாது என்றது. 2017 இல் விடுப்பு 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. அதில் 8 வாரம் வரை பேற்றுக்கு முன் எடுக்கலாம். இரண்டு குழந்தைகள் உள்ளவர்களுக்கு விடுப்பு 12 வாரம். கர்ப்பத்தால் வரும் நோய்க்கு, உரிய சான்றின் பேரில், மேலும் ஒரு மாதம் வரை ஊதியத்துடன் விடுப்பு உண்டு. இவ்விதிகள் 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் சேர்க்கப்பட்டன; அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. நிற்கும் வேலையிலிருந்து விலக்கு தானாகக் கிடைப்பதன்று. பெண்ணே கேட்டுப் பெற வேண்டும்.

பேற்றுக்குப் பின்

பெரும்பாலோருக்கு வலி சில வாரங்களிலோ மாதங்களிலோ நீங்கிவிடும். சிலருக்கு மட்டும் நீடிக்கும். தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்கும்போது உடலை முறுக்காதிருத்தல், அமர்ந்தோ ஒருக்களித்தோ பாலூட்டுதல், பயிற்சிகளைத் தொடர்தல் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. அடுத்த கர்ப்பத்தில் வலி மீண்டும் வரக்கூடும் என்பதால், தொடக்கத்திலேயே மருத்துவரிடம் தெரிவிப்பது நன்று.