ஓய்வை இழந்த கோழி

நாள்தோறும் முட்டையிடும் கோழியைக் கண்டு நாம் வியப்பதில்லை. அதன் இயல்பே அதுதான் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் அதன் மூதாதையான செங்காட்டுக்கோழி ஓர் ஆண்டில் எத்தனை முட்டை இடும் தெரியுமா? சுமார் 10 முதல் 15 வரைதான்! தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் அப்பறவை, சில முட்டைகளை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அப்போது அதன் சூலகம் சுருங்கி ஓய்வு கொள்ளும்.

இந்த ஓய்வு எப்படிப் பறிபோயிற்று? 1898இல் அமெரிக்காவின் மேய்ன் மாநில வேளாண் ஆய்வு நிலையத்தில் ஒரு முயற்சி தொடங்கிற்று. கோழி நுழைந்ததும் கதவு தானே மூடிக்கொள்ளும் கூடுகளை அமைத்து, ஒவ்வொரு கோழியும் இடும் முட்டைகளைக் கணக்கெடுத்தார்கள். மிகுதியாக இட்டவற்றை மட்டும் பொறுக்கி இனம் பெருக்கினார்கள். பத்தாண்டுகள் ஆகியும் பலன் கிட்டவில்லை! கணக்குகளை ஆராய்ந்த ரேமண்ட் பெர்ல் என்ற உயிரியல் அறிஞர், தாயின் முட்டைகளை எண்ணினால் மட்டும் போதாது, மகள்கள் இடுவதையும் பார்த்தே பெற்றோரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று காட்டினார். அந்த வழி பலித்தது.

அடைகாக்கும் குணமுள்ள கோழிகள் ஒதுக்கப்பட்டன. குளிர்காலத்தில் பகல் குறுகினால் முட்டை குறையும். மின்விளக்கு அதையும் மாற்றியது. 1979இல் மிசூரி பல்கலைக்கழகத்தின் வெள்ளை லெகார்ன் கோழி ஒன்று, 364 நாட்களில் 371 முட்டைகள் இட்டுச் சாதனை படைத்தது.

இதற்குக் கோழியின் உடல் கொடுக்கும் விலை என்ன? ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு அமைவதற்கே செல்கிறது. ஓட்டிலுள்ள சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம், சுமார் 2 கிராம். தீவனத்தில் அது குறைந்தால் எலும்பிலிருந்து எடுக்கப்படுகிறது. சில வேளைகளில் முட்டை குழாயிலேயே தங்கிவிடுகிறது. சில வேளைகளில் மஞ்சள் கரு வழிதவறி வயிற்றறைக்குள் விழுந்து, அங்கே அழற்சி உண்டாகிறது. சூலகத்தில் புற்றுநோயும் தோன்றுகிறது.

பெரும் பண்ணைகளில் கோழியின் வாழ்நாள் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் முடிக்கப்படுவதால், இந்நோய்களிற் பல அங்கே வெளிப்படுவதில்லை. 2005இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓர் அறக்கட்டளை, பண்ணைகள் கழித்துவிடும் கோழிகளை மீட்டு வீடுகளுக்கு வழங்கலாயிற்று. அத்தகைய கோழிகள் மேலும் சில ஆண்டுகள் வாழும்போதுதான் மறைந்திருந்த நோய்கள் வெளிப்படுகின்றன.

இங்கே ஒரு வியப்பு! சூலகம் ஓய்வின்றி முட்டை வெளியிடுவதே பெண்களின் சூலகப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று 1971இல் ஃபதல்லா என்ற எகிப்திய மருத்துவர் கருத்துரைத்தார். வயது முதிர்ந்த லெகார்ன் கோழிகளில் இப்புற்று தானாகவே தோன்றுவதை அமெரிக்க ஆய்வாளர் ஃப்ரெட்ரிக்சன் 1987இல் விளக்கினார். அதன்பின் கோழி இந்நோய் ஆராய்ச்சியின் துணையாயிற்று.

சிகிச்சையும் அதே 1971இல் வேர்விட்டது. சூலகத்தை இயக்கும் மூளை ஹார்மோனின் அமைப்பை ஷாலி, கில்லெமின் ஆகியோரின் குழுக்கள் கண்டறிந்தன. 1977இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அந்த ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டதே டெஸ்லோரெலின். நாய்களுக்கென வந்த இம்மருந்தைச் சிறு குச்சி வடிவில் கோழியின் தோலுக்கடியிலும் வைக்கிறார்கள். முதலில் சூலகத்தைத் தூண்டினாலும், இடைவிடாது கசிவதால் பின்னர் அதை அடக்கிவிடுகிறது. சில மாதங்களுக்கு முட்டை நிற்கிறது. இழந்த ஓய்வு திரும்புகிறது! ஆனால் முற்றிய புற்றை இது குணப்படுத்தாது. மேலும், அமெரிக்கச் சட்டம் செல்லக் கோழியையும் உணவுக்குரிய பறவையாகவே கருதுவதால், அங்கே மருந்துகளுக்குக் கட்டுப்பாடு உண்டு.

நீங்கள் கோழி வளர்ப்பவரானால் இவற்றை மனத்திற் கொள்ளுங்கள். இரவில் கூண்டுக்கு விளக்குப் போடாதீர்கள். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். கோழி இரை எடுக்காமல், வால் தாழ்த்தி, வயிறு உப்பி, முக்கிக்கொண்டு நின்றால் வெதுவெதுப்பான அமைதியான இடத்தில் விட்டு, உடனே கால்நடை மருத்துவரை நாடுங்கள். தங்கிய முட்டையை நீங்களே உடைக்க முயலாதீர்கள். இந்நோய் பெரும்பாலும் உங்கள் கவனக்குறைவால் வந்ததன்று. நூறாண்டுகளுக்கு மேலாக மனிதர் நடத்திய தேர்வின் விளைவு அது. முட்டை நின்றுபோன கோழிக்கும் தீவனமும் மருந்தும் தருவது, நாம் அதற்குத் திருப்பித்தர வேண்டிய கடன் அல்லவா?