இரவல் பெட்டியில் பிறந்த 'அருளர்'

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1998இல் எம்சி-505 என்றொரு தாளப்பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மேசைமேல் வைத்து விரலால் தட்டுகிற பெட்டி. பொத்தானை அமுக்கினால் டிரம், பேஸ், கைத்தட்டல் என்று எல்லாம் வரும். ஒன்றின்மேல் ஒன்றாக ஓசைகளை அடுக்கித் திரும்பத் திரும்பச் சுழலவிடலாம். மேலே கையை அசைத்தால் அகச்சிவப்புக் கதிர் அதை உணர்ந்து ஓசையை வளைத்துக் கொடுக்கும். கிதாரைப் பிடித்தே அறியாதவர்கூட ஒரு மாலைக்குள் அதில் ஒரு தாளக்கட்டை அமைத்துவிட முடியும். லண்டனில் அப்படியொரு பெட்டி ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் என்ற பாடகியிடம் இருந்தது. அதை இரவல் வாங்கியவர் இசை படிக்காத ஒரு தமிழ்ப்பெண். 2005இல் வெளிவந்த அவருடைய முதல் ஆல்பத்தின் பெயர் 'அருளர்'.

மாதங்கி அருட்பிரகாசம். வீட்டில் மாயா, மேடையில் எம்.ஐ.ஏ. அவருடைய இந்த ஆல்பத்தை ஹிப்-ஹாப் கணக்கிலோ நடன இசைக் கணக்கிலோ சேர்ப்பதுதான் வழக்கம். எனக்கு அது பங்க் வம்சத்துப் பிள்ளையாகவே கேட்கிறது. அந்தப் பெட்டி யார் வீட்டிலிருந்து வந்தது என்று பார்த்தாலே இது புரியும்.

நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு 1976இல் தன் முதல் ஆல்பத்தை ஏறக்குறைய 6,400 டாலரில் பதிவு செய்தது. 14 பாட்டுகள், மொத்தம் 29 நிமிடம். கிதாரில் மூன்று நான்கு பிடிகள், வேகம், கூடவே சேர்ந்து பாடத்தக்க மெட்டு. பின்னாளில் பாப் பங்க் என்று பெயர் பெற்ற இசைக்கு இந்த அளவுதான் முதல். தேர்ச்சி வந்த பிறகு மேடையேறலாம் என்ற காத்திருப்பை அது தேவையற்றதாக்கியது. ஜஸ்டினின் எலாஸ்டிகா குழு அந்த வழியில் வந்தது. 1995இல் வந்த அவர்களின் முதல் ஆல்பமும் குட்டிக் குட்டிப் பாட்டுகளால் ஆனது. 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிரிட்டன் பட்டியலில் நேரே முதலிடம் பிடித்தது. கூடவே வழக்கும் வந்தது. பழைய பங்க் குழுக்களான வயரும் ஸ்ட்ராங்லர்ஸும் தங்கள் இசைத் துணுக்குகள் அதில் இருப்பதாகச் சொல்ல, நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். ஒருவருடைய கிதார்த் துணுக்கை இன்னொருவர் எடுத்து ஆள்வது அந்தப் பள்ளியின் பழக்கம். இது நினைவில் இருக்கட்டும். மாயாவின் ஆல்பமும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டது.

மாயா அந்த வீட்டுக்குப் பாடகியாக வரவில்லை. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படக் கலை படித்தவர். எலாஸ்டிகாவின் இரண்டாவது ஆல்பத்துக்கு 2000இல் அட்டைப்படம் செய்து கொடுத்தார். பிறகு அவர்களின் அமெரிக்கப் பயணத்தில் ஒளிப்பதிவாளராகப் போனார். அந்தப் பயணத்தில் எலாஸ்டிகாவுக்கு முன்னால் மேடையேறியவர் பீச்சஸ் என்ற கனடாப் பாடகி. பக்கவாத்தியம் என்று யாரும் இல்லை. ஒற்றை ஆளாக ஒரு எம்சி-505ஐ வைத்துக்கொண்டு அரங்கத்தை ஆட வைப்பார். கேமராவும் கையுமாக நின்றிருந்த மாயாவை அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்க்கத் தூண்டியவர் அவர்தான்.

அதற்கு முன்பும் ஒரு கதை உண்டு. 1975இல் லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர். தந்தை தலைமறைவு வாழ்க்கையில் இருந்தார். வீட்டுக்கு எப்போதாவது வருகிறவரைப் பிள்ளைகளுக்கு மாமா என்றே சொல்லி வைத்திருந்தார்கள். போர் முற்றியபோது தாய் கலா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனார், மறுபடி யாழ்ப்பாணம் வந்தார், 1986இல் லண்டனுக்கு அகதியாகப் போய்ச் சேர்ந்தார். தெற்கு லண்டனின் மிட்சம் பகுதியில் ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பு. தாய் தையல் வேலை செய்தார். வீட்டிலிருந்த வானொலிப் பெட்டி ஒருநாள் திருட்டுப் போயிற்று. அதன் பிறகு பக்கத்து வீட்டுப் பையன் சத்தமாகப் போடுகிற ஹிப்-ஹாப்தான் அந்தச் சிறுமிக்கு வானொலி. ஆங்கிலம் கைக்கு வராத வயதில் சுவரைத் தாண்டி வந்த தாளம் அது. ஆல்பத்தைத் தொடக்கி வைப்பது வாழைப்பழம் என்ற ஆங்கிலச் சொல்லை அசை பிரித்து வகுப்பறையில் சொல்லிக் கொடுப்பது போன்ற ஒரு குறுந்துணுக்கு. அகதிப் பிள்ளையின் முதல் பாடத்தையே முதல் ஓசையாக வைத்த அந்தத் தேர்வு எனக்கு மிகவும் பிடிக்கும்.

கரீபியன் கடலில் பெக்குவே என்றொரு சின்னத் தீவு. ஜஸ்டினோடு விடுமுறைக்கு அங்கே போயிருந்தபோது ஊராரின் ஆட்டபாட்டத்தில் கலந்ததுதான் பாட்டு எழுதும் எண்ணத்தைக் கிளப்பியது. லண்டன் திரும்பியதும் இரவல் 505, ஒரு பழைய நான்கு தட நாடாப் பதிவுக் கருவி, ஒரு மைக். இவ்வளவுதான் கூடம். படுக்கையறையில் உட்கார்ந்து ஆறு பாட்டு மாதிரிப் பதிவாகச் செய்தார். முதலில் வேறு யாரையாவது பாட வைக்க வேண்டும் என்றே தேடியிருக்கிறார். ஆள் அமையவில்லை; தானே பாடினார். குரலில் பயிற்சியின் மெருகு கிடையாது. தெருவில் கயிறு தாண்டுகிற சிறுமிகள் எண்ணிக்கை பாடுவது போன்ற தொனி. பாட்டு ஆசிரியர்கள் குறை என்று திருத்தக்கூடிய அந்தத் தொனியில்தான் ஆல்பத்தின் உயிர் இருக்கிறது.

மாதிரிப் பதிவு பல்ப் குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஸ்டீவ் மேக்கியின் காதுக்கும் அவருடைய கூட்டாளி ராஸ் ஆர்ட்டனின் காதுக்கும் போயிற்று. 'கலாங்' என்ற பாட்டை அவர்கள் செப்பனிட்டார்கள். எழுதியவர்கள் பட்டியலில் மாயா, மேக்கி, ஆர்ட்டனோடு ஜஸ்டின் பெயரும் உண்டு. 2003இல் ஷோபிஸ் என்ற சிறு நிறுவனம் அதை 500 இசைத்தட்டு மட்டும் அச்சடித்தது. 500 தட்டு என்றால் ஒரு தோட்டத்துத் திருவிழாக் கூட்டத்துக்குக்கூடப் போதாது. ஆனால் டிஜேக்களின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. இணையத்தில் கோப்பாகப் பரவியது, கல்லூரி வானொலிகளில் ஒலித்தது. பெரிய விளம்பரம் எதுவும் இல்லாமல் அட்லாண்டிக்கைக் கடந்துவிட்டது. எக்ஸ்எல் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 2004 ஜூலையில் 'சன்ஷவர்ஸ்' வந்தது. அதன் காணொளியைத் தென்னிந்தியக் காட்டில் ராஜேஷ் டச்ரிவர் எடுத்தார். பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைக் குறிக்கும் ஓர் இடத்தை நீக்கச் சொன்னது எம்டிவி. மாயா மறுத்தார்.

ஆல்பம் 2004 செப்டம்பரில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எலாஸ்டிகாவை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பிடித்த அதே சிக்கல்: யாருடைய ஓசைத் துணுக்கு, யாரிடம் அனுமதி? 'சன்ஷவர்ஸ்' 1976இல் வந்த ஓர் அமெரிக்க டிஸ்கோப் பாட்டிலிருந்து எடுத்தது. 'பக்கி டன் கன்' என்ற பாட்டின் அடித்தளம் பிரேசில் நாட்டு டெய்ஸி டிக்ரோனாவினுடையது. அவரோ 'ராக்கி' படத்தின் கொம்போசையை எடுத்தவர். ஹாலிவுட்டிலிருந்து ரியோவின் சேரிக்கு, அங்கிருந்து லண்டனில் ஒரு தமிழ்ப்பெண்ணுக்கு என்று மூன்று கை மாறிய இசை. வழக்கறிஞர்கள் ஒவ்வொரு கையாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

காத்திருக்கும் நேரத்தில் மாயா செய்ததுதான் அசல் பங்க் காரியம். பிலடெல்பியாவைச் சேர்ந்த டிஜே டிப்லோவும் அவரும், இன்னும் வெளிவராத ஆல்பத்தின் குரல் பதிவுகளை எடுத்து ஊரார் பாட்டுகளின்மேல் ஒட்டினார்கள். பேங்கிள்ஸ், ஜே-ஸீ எல்லாம் அதில் உண்டு. அனுமதி என்ற பேச்சே இல்லை. திருட்டு வட்டு வாங்கினால் பணம் பயங்கரவாதத்துக்குப் போகும் என்று அந்நாளில் செய்யப்பட்ட எச்சரிக்கைப் பிரசாரத்தையே எடுத்து அந்தத் தொகுப்புக்குத் தலைப்பாக வைத்தார்கள். 2004 டிசம்பரில் அது கச்சேரிகளில் கைக்குக் கை போயிற்று. சட்டம் தடுத்து வைத்த ஆல்பத்துக்கு, சட்டத்துக்கு வெளியே பிறந்த தம்பி முன்னோடியாகப் போய் வாசல் திறந்தது.

இனி அந்தப் பெயர். ஈழத்து எழுத்தைப் பின்தொடர்கிறவர்களுக்கு அருளர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது 'லங்கா ராணி' நாவல். 1977இல் தமிழர்மீது நடந்த வன்செயலில் கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போன கப்பலின் கதை. அருளர் என்ற பெயரில் அதை எழுதியவர் மாயாவின் தந்தை அருட்பிரகாசம். மாஸ்கோவில் படித்த பொறியாளர். 1975இல் லண்டனில் ஈரோஸ் என்ற ஈழ விடுதலை அமைப்பைத் தொடக்கியவர்களில் ஒருவர். மேற்கத்தியப் பத்திரிகைகள் பல அவரைப் புலி என்றே எழுதித் தீர்த்தன. ஈரோஸ் வேறு, புலிகள் வேறு என்பதைக் கேட்டு எழுதும் பொறுமை அவர்களில் பலருக்கு இருக்கவில்லை. ஈரோஸுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வடக்கு கிழக்கு மட்டும் போதாது, மலையகத் தோட்டத் தொழிலாளரைச் சேர்க்காமல் விடுதலை பற்றிப் பேச முடியாது என்று மற்றவர்களைவிட அழுத்தமாகச் சொன்னவர்கள் அவர்கள்.

மலேசியாவின் கேமரன் மலையில் இருந்துகொண்டு இந்த ஆல்பத்தைக் கேட்கும்போது எனக்கு இது தொலைவான சேதியாகத் தெரிவதில்லை. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது துணைக்கு அழைத்துக்கொண்டவர் இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய மில்னே. கொழுந்து எடுக்க வந்தவர்கள் அங்கும் இங்கும் தமிழர்கள். நுவரெலியா லயத்தில் விடிகாலையில் வேலைக்கு ஆள் கூட்டக் கேட்ட பெரட்டுச் சத்தம் இங்கும் கேட்டது. மலையகத்தில் கொழுந்தெடுத்தவர்களுக்கும் நம் தாத்தா பாட்டிகளுக்கும் நடுவே இருந்தது வெறும் கங்காணி பிடித்த துறைமுகம் மட்டும்தான். மாயாவின் ஆல்பத்துக்கு மறு ஆண்டு, 2006இல், யோகி பி நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' மலேசியாவில் வந்தது. தமிழிலேயே ராப் பாடி நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் ஏறியது. இரண்டையும் ஒரே பருவத்தின் விளைச்சலாகத்தான் பார்க்கத் தோன்றுகிறது.

மகள் ஆல்பத்துக்குத் தந்தை பெயரைச் சூட்டியது பாசத்தின் அடையாளம் மட்டும் அன்று. ஆண்டுக்கணக்காகத் தொடர்பில் இல்லாத மனிதர், என்றாவது இணையத்தில் தன் பெயரைத் தட்டித் தேடுவார். தேடினால் மகளின் ஆல்பம் கண்ணில் படும். அப்படி ஒரு கணக்கு அதில் இருந்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கணக்குத் தப்பவில்லை. தந்தையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மகளைப் பற்றிப் பெருமைப்பட்ட அந்தக் கடிதம், ஆல்பத்தின் பெயரை மாற்றவும் சொன்னது. மகள் மாற்றவில்லை.

2005 மார்ச் 22இல் ஆல்பம் அமெரிக்காவில் வெளியானது. அதையடுத்து பிரிட்டனில். அட்டையில் மாயாவின் முகம். சுற்றிலும் அச்சு வார்ப்பில் தெளித்த டாங்கி, குண்டு, புலி. விற்பனைப் பட்டியலில் பெரிதாக ஏறவில்லை. ஆனால் விமர்சகர்கள் கொண்டாடினார்கள், மெர்க்குரிப் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம் பெற்றது, கலிபோர்னியாவின் கோச்செல்லா விழாவில் கூட்டம் அவரை மேடைக்குத் திரும்ப அழைத்தது. அந்தப் போர்ச் சித்திரங்கள் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. யாருடைய துப்பாக்கி, யாரை நோக்கி என்ற கேள்வியை ஆல்பம் பல இடங்களில் அலங்காரத்துக்குள் மறைத்துவிடுகிறது. ஈழத்தில் அதற்கு விலை கொடுத்தவர்கள் பலர். ஆனாலும் பத்து வயதுவரை அதையெல்லாம் சன்னல் வழியே பார்த்த பிள்ளைக்கு வேறு எந்தப் படம் முதலில் வரும்? அந்தக் குழந்தைக் கண்ணுக்காக ஆல்பத்தை நான் மன்னிப்பதில்லை, நம்புகிறேன்.

அடுத்த ஆல்பத்தை அமெரிக்காவில் செய்ய நினைத்தார் மாயா. விசா கிடைக்கவில்லை. பதிவுக் கருவிகளோடு நாடு நாடாகப் போனார். சென்னையில் உறுமி வாசிப்பவர்களைக் கூட்டிப் பதிவு செய்தார். அந்த ஆல்பத்துக்குத் தாயின் பெயர்: 'கலா', 2007. அதில் உலகெங்கும் ஒலித்த 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது கிளாஷ் என்ற பங்க் குழு 1982இல் குடியேறிகளைப் பற்றிச் செய்த ஒரு பாட்டின் கிதார். இந்த முறை அனுமதி ஒழுங்காகப் பெறப்பட்டது. எழுதியவர்கள் பட்டியலில் மாயாவின் பெயரோடு கிளாஷ் குழுவினர் நால்வரின் பெயரும் அச்சாகியிருக்கிறது.