சிஸ்பிளாட்டின் சிறுநீரக நச்சுமை

சிஸ்பிளாட்டின் சிறுநீரக நச்சுமை என்பது, புற்றுநோய்க்கான வேதிச்சிகிச்சையில் பயன்படும் சிஸ்பிளாட்டின் என்னும் பிளாட்டினச் சேர்மத்தால் சிறுநீரகங்களுக்கு ஏற்படும் பாதிப்பு ஆகும். விரைப் புற்றுநோயைப் பெரும்பாலும் குணமாக்கக்கூடிய இம்மருந்து, தொடக்ககால ஆய்வுகளில் சிறுநீரகங்களைக் கடுமையாகத் தாக்கியதால் ஏறக்குறைய கைவிடப்படும் நிலையில் இருந்தது. 1970களில், மருந்துடன் சிரை வழியே மிகுதியான நீர்மம் செலுத்தும் முறை வந்த பின்னரே அது நிலைபெற்றது. 1978 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

சிறுநீரக நுண்குழல்களின் உயிரணுக்கள் இம்மருந்தைக் குருதியிலிருந்து உள்ளிழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அதனால் குருதியில் உள்ளதைவிட அதன் செறிவு அங்கு பன்மடங்கு உயர்ந்து, அவ்வுயிரணுக்கள் மடிகின்றன. குருதியில் கிரியேட்டினின் அளவு உயர்வதற்குச் சில நாட்கள் ஆகும். ஆகவே முதல் நாளில் எடுக்கும் சோதனை மட்டும் போதுமானதன்று. சிறுநீரில் மக்னீசியம் இழக்கப்படுவதும் வழக்கம்.

தடுப்பில் முதன்மையானது உப்புக்கரைசலை மருந்துக்கு முன்னும் பின்னும் செலுத்துவதாகும். அதனுடன் மக்னீசியமும் சேர்க்கப்படுகிறது. இதயச் செயலிழப்பு உள்ளோருக்கு இவ்வளவு நீர்மம் தீங்காகலாம். ஐபுபுரூஃபன் போன்ற வலிநீக்கிகளும் ஜென்டாமைசின் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்பிகளும் சிறுநீரகத்தை மேலும் பாதிப்பதால் தவிர்க்கப்படுகின்றன. வலிநீக்கிகள் கடைகளில் எளிதில் கிடைப்பதால் நோயாளிகள் இதனை அறிந்திருத்தல் வேண்டும். சிறுநீரகச் செயற்பாடு குறைந்தோருக்குச் சில புற்றுநோய்களில் கார்போபிளாட்டின் மாற்றாகத் தரப்படுகிறது; ஆனால் விரைப் புற்றுநோயில் அதன் பயன் குறைவு.

இபோசுபமைடு மருந்துடன் தரப்படும் மெசுனாவைச் சிறுநீரகக் காப்பு மருந்தாகக் கருதுவதுண்டு. அது சிறுநீர்ப்பையைக் காக்கிறதேயன்றிச் சிறுநீரகத்தை அன்று.