வலிக்குப் பெயர் வந்த வரலாறு

தஞ்சோங் மாலிம் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு ‘உடம்பு வலி’ என்னும் சொல் புதிதன்று. இருள் பிரியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, நிரை நிரையாகக் குனிந்து மரம் வெட்டி, பால் வாளிகளைச் சுமந்தவர்க்கு வலி வருவதில் வியப்பென்ன? ஆயினும், அவ்வேலையை விட்டுப் பல்லாண்டு கழிந்த பின்னும், காயமோ வீக்கமோ இன்றி மேனி முழுதும் வலிக்கிறது என்ற தாய்மாரும் உண்டு. சோதனையில் ஒன்றும் தெரியாதபோது, ‘சோம்பல்’ என ஊரார் தீர்ப்பளித்தனர். அவர்கள் அனைவர்க்கும் இன்ன நோயே இருந்தது என இன்று கூறவியலாது. எனினும் அத்தகைய வலியை மருத்துவ உலகம் புரிந்துகொள்ளப் பட்ட பாட்டை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

1904-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கவர்ஸ், கீழ்முதுகு வலி பற்றிய சொற்பொழிவில் ‘ஃபைப்ரோசைட்டிஸ்’ என்னும் சொல்லை வழங்கினார். நார்த்திசுவில் அழற்சி உண்டென்பது அவர் கருத்து. பின்வந்தோர் தேடியும் அவ்வழற்சி அகப்படவில்லை. பெயர் மட்டும் நெடுங்காலம் நிலைத்தது. (பெயர் இட்டுவிட்டால் பொருளும் உண்டென நம்புவது நம்மவர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று போலும்!) 1976-இல் ஃபிலிப் ஹென்ச் ‘ஃபைப்ரோமயால்ஜியா’ என்றார். அழற்சி என்ற பொருள் நீங்கி, வலி என்ற பொருளே நின்றது. உடலில் 18 இடங்களுள் 11-இலேனும் அழுத்தினால் வலித்தல் வேண்டும் என 1990-இல் அமெரிக்க வாதநோயியல் கல்லூரி இலக்கணம் வகுத்தது. 2010-இல் அவ்வெண்ணிக்கை கைவிடப்பட்டு, வலியின் பரவலும் சோர்வும் உறக்கக் குறைவும் அளவுகோலாயின. வலிச் செய்தியை நரம்பு மண்டலம் மிகைப்படுத்தி உணர்வதே இதன் அடிப்படை என்பது இன்றைய கருத்து.

சிகிச்சையின் வரலாறு இதனினும் சுவையுடையது. வலித்தால் படுத்திரு என்பதே பொது அறிவாய் இருந்தது. 1988-இல் மெக்கெய்ன் குழுவினர் கனடாவில் 42 நோயாளரை இரு பிரிவாக்கி 20 வாரம் பயிற்றுவித்தனர். உடலை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தோரைவிட, இதயத் துடிப்பு உயரப் பயின்றோரே மிகுதியும் நலம் பெற்றனர். 2017-இல் ஐரோப்பிய வாதநோய் எதிர்ப்புக் கழகம் வெளியிட்ட பரிந்துரைகளுள், ஐயமின்றி வலியுறுத்தப்பட்டது உடற்பயிற்சி ஒன்றே.

“வாழ்நாளெல்லாம் நடந்தோமே ஐயா, இன்னும் நடக்கவா?” என்று பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவர் கேட்டால் என் சொல்வது? தோட்டத்து நடையை வகுத்தவர் தண்டல்; உடல் தாங்குமா என்று அவர் கேட்டதில்லை. உடலியக்கப் பயிற்சியாளர் வகுக்கும் நடையோ உடலைக் கேட்டே தொடங்குகிறது. முதல் வாரம் சில நிமிடங்களே போதும். நலமாய் உள்ள நாளில் மிகையாகச் செய்து மறுநாள் படுத்துவிடாமல், சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். தொடக்கத்தில் வலி சற்று மிகலாம். அப்போது அளவைக் குறைப்பதன்றி, அறவே நிறுத்துதல் ஆகாது.