இலேசான அறிவுசார் குறைபாடுள்ள வளரிளம் பருவத்தினரின் தோழமை

நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 50 முதல் 69 வரை இருந்து, அன்றாடத் திறன்களும் அதற்கேற்பப் பின்தங்கியிருக்கும் நிலை இலேசான அறிவுசார் குறைபாடு எனப்படும். அறிவுசார் குறைபாடு உள்ளோரில் பெரும்பாலோர் இவ்வகையினரே. தோற்றத்தில் வேறுபாடு தெரியாததால் பலர் ‘படிப்பு ஏறாத பிள்ளை’ என்ற அளவிலேயே அறியப்படுகின்றனர்.

தோழமையில் விரிசல் பெரும்பாலும் 12, 13 வயதில் தெரியவருகிறது. அதுவரை ஓடிப்பிடித்து விளையாடிய கூட்டம் இப்போது பேச்சுக்கும் கேலிக்கும் கைப்பேசிக்கும் மாறுகிறது. கிண்டலின் உட்பொருளைப் பிடிக்கவும் இடமறிந்து பேசவும் இவர்களுக்கு நேரமாகிறது. கிரிக்கெட்டுக்குக் கூப்பிடுவார்கள், பந்து பொறுக்கலாம், மட்டை கைக்கு வராது. சிறுவர் ஆட்டத்தில் ‘ஒப்புக்குச் சப்பாணி’யாக இருப்பது ஐந்து வயதில் சலுகை. பதினைந்தில் அது அவமானம்; அதை அவர்கள் நன்றாகவே உணர்கிறார்கள்.

இவர்கள் நண்பர் என்று காட்டுபவர், பதிலுக்கு இவர்களை நண்பர் என்று சொல்வது குறைவு என ஆய்வுகள் தெரிவிக்கின்றன. வம்புக்கு ஆளாவதும் தனிமையும் இவர்களிடம் மிகுதி. கூட்டத்தில் இடம்பிடிக்க எதற்கும் தலையாட்டுவோரும் உண்டு. பெண்பிள்ளைகளைப் பல வீடுகளில் பூப்புக்குப் பின் வெளியே விடுவதில்லை. பெற்றோரின் அச்சம் வீணானதன்று: குழந்தையின் மன, உடல் குறைபாட்டைப் பயன்படுத்திச் செய்யும் பாலியல் குற்றத்தை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கடுங்குற்றமாக வகுத்துள்ளது. ஆனால் கதவை அடைத்தால் தோழிகளும் வெளியே நின்றுவிடுகிறார்கள்.

கொடைக்கானல் மலையில், படிக்கட்டு வயல்களில் பூண்டு விளையும் பூம்பாறை போன்ற ஊர்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். குழந்தை வேலப்பர் கோயில் தேரோட்டத்தில் யாரும் அந்நியரில்லை. இது பெரிய பாதுகாப்பு. எனினும் அறிமுகம் வேறு, கூட்டாளி வேறு. உளவியலாளரும் சிறப்புப் பள்ளிகளும் பெரும்பாலும் சமவெளி நகரங்களில் இருப்பதால், மலைப்பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் பள்ளியே வழி. 6 முதல் 18 வயதுவரை அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதோருக்கு வழங்குகிறது. வகுப்பில் இடம் கிடைக்கும். மதிய உணவு வரிசையில் பக்கத்தில் யார் நிற்பார் என்பதைச் சட்டம் சொல்ல முடியாது.

சேர்ந்து செய்யும் வேலையும் அதில் தனக்கென ஒரு பொறுப்பும் இருந்தால் உறவு வளர வாய்ப்பு கூடுகிறது. 1968இல் தொடங்கிய சிறப்பு ஒலிம்பிக்ஸ் இயக்கத்தின் ‘ஒருங்கிணைந்த விளையாட்டு’ இந்த அடிப்படையில் அமைந்தது. அதன் வாலிபால் அணியில் களமிறங்கும் 6 பேரில் 3 பேர் குறைபாடு உள்ளவர்கள், 3 பேர் இல்லாதவர்கள். கெட்டிக்காரர் ஒருவரே ஆட்டத்தை விழுங்கிவிடவும் விதி இடம் தருவதில்லை.